வங்கியில் விழுந்தது 18,38,300, ரிட்டர்னில் ஏறியது 20,20,000: ஒரு சமையல் சேனலின் வரிக் கணக்கு

2025 ஜூலை மூன்றாவது வாரம். ரிட்டர்ன் சீசனில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார நாற்காலி கிடைப்பதே கஷ்டம். அந்த நெரிசலில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா, கல்லூரியில் படிக்கும் மகனோடு வந்தார். மஞ்சள் பையில் 12 மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், கோடு போட்ட ஒரு நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட மளிகை பில்கள். சில வருடங்களாக யூட்யூபில் சமையல் சேனல் நடத்துகிறார். வாரம் இரண்டு வீடியோ, நடுநடுவே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்.

"தம்பி, வந்ததெல்லாம் இவன் கூட்டி வெச்சிருக்கான். 18 லட்சத்து 38 ஆயிரத்து 300. இதுல செலவைக் கழிச்சுட்டு எவ்வளவு கட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

மகன் போட்ட கூட்டலில் ஒரு ரூபாய்கூடப் பிசகில்லை. ஆனால் 2024-25ஆம் நிதியாண்டுக்கு நாங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னில் அந்த எண் எந்தக் கட்டத்திலும் இல்லை. அங்கே ஏறிய வரவு 20,20,000. இடையில் உள்ள 1,81,700 ரூபாய் எங்கே போனது என்று தேடியதுதான் இந்த வழக்கின் முக்கால்வாசி வேலை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் தொகைகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு அப்படியேதான் இருக்கிறது.

நாலு வழியில் வந்த பணம்

முதலில் ஆட்சென்ஸ், அதாவது கூகுள் வழியாக வரும் பணம். யூட்யூப் விளம்பரப் பங்கு, மெம்பர்ஷிப், சூப்பர் சாட் எல்லாம் சேர்ந்து மாதம் ஒருமுறை, 21 தேதியிலிருந்து 26 தேதிக்குள் டாலரில் கிளம்பி ரூபாயாகக் கணக்கில் விழும். அப்படி விழுந்தது 9,44,000. சம்பாதித்தது 9,80,000. இடையில் காணாமல்போன 36,000 ரூபாயை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது.

அக்காவுக்கு இது புதுச் செய்தி. "நான் அமெரிக்காவையே பார்த்ததில்லையே தம்பி, எனக்கு எதுக்கு அங்க வரி?" அவர் பார்க்கவில்லை, ஆனால் அங்கிருப்பவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். நியூ ஜெர்சியிலும் டெக்ஸாஸிலும் இருக்கும் நம் ஆட்கள் வத்தக்குழம்பு ஞாபகம் வரும்போது தேடிப் பார்க்கும் சேனல் அது. அமெரிக்கப் பார்வையாளர்கள் வழியாக வரும் வருமானத்தில் 2021 முதல் கூகுள் அந்நாட்டு வரியைப் பிடித்துக்கொள்கிறது. இந்தியாவுடன் வரி ஒப்பந்தம் இருப்பதால், அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்து அதில் பான் எண்ணையும் குறித்தவர்களுக்கு 15%தான். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருமானத்தில் 24% வரை போகும். இவர்கள் 2021இலேயே கொடுத்திருந்தார்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள்வரைதான் அது செல்லும். 2024 டிசம்பரோடு முடியவேண்டியதை மகன் நினைவாகப் புதுப்பித்திருந்தான். அந்த ஃபைலில் சரியாக இருந்த ஒரே காரியம் அதுதான், இதை அவன் முன்னாலேயே சொன்னேன்.

அமெரிக்கப் பார்வையாளர் பங்கு 2,40,000, அதில் 15% என்றால் 36,000. இது பேங்க் ஸ்டேட்மெண்டில் தெரியாது. ஆட்சென்ஸ் கணக்கில் பரிவர்த்தனைப் பக்கத்தைத் திறந்தால் மாதாமாதம் ஒரு கழித்தல் பதிவு இருக்கும். கூகுள் தரும் 1042-எஸ் சான்று ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது, நமக்கோ ஏப்ரல் முதல் மார்ச். சான்றை மட்டும் வைத்துப் போட்டால் மூன்று மாதம் இடிக்கும். அதனால் மகனை உட்காரவைத்து 12 மாதத்தையும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னோம்.

இரண்டாவது, பிராண்டுகள் தரும் பணம். மசாலா, எண்ணெய், பாத்திரம் என்று சில நிறுவனங்கள். வங்கிக்கு வந்தது 7,78,500, உண்மையான கட்டணம் 8,50,000. மீதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. இதில் ஒரு வேடிக்கை: ஒரே மாதிரி ரீல்ஸுக்கு மூன்று நிறுவனங்கள் தொழில்முறைச் சேவை என்று 194ஜே பிரிவில் 10% பிடித்தன, ஒரு நிறுவனம் விளம்பர ஒப்பந்தம் என்று 194சியில் 1% பிடித்தது. 7,00,000க்கு 70,000, 1,50,000க்கு 1,500. எது சரி என்று நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. பிடித்தது எதுவாக இருந்தாலும் நம் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறியிருந்தால் நமக்குக் கிடைத்துவிடும். ஏறவில்லை என்றால்தான் தலைவலி. அந்தத் தலைவலியும் ஒரு நிறுவனத்திடம் இருந்தது. 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு அக்காவின் பான் எண்ணில் காட்டாமல் விட்டிருந்தார்கள். நாலு மின்னஞ்சல், ஆறு போன். செப்டம்பர் முதல் வாரம்தான் ஏறியது. வருமான வரித்துறை கடைசித் தேதியை ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளி, அப்புறம் இன்னொரு நாள் கூட்டியது எங்களுக்கு அந்த வகையில் நல்லதாகப் போயிற்று.

மூன்றாவது, வீடியோவின் கீழே கொடுக்கும் லிங்க் வழியாக யாராவது குக்கரோ கடாயோ வாங்கினால் வரும் கமிஷன். மொத்தம் 1,20,000. கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 செப்டம்பர் வரை 5%, அக்டோபரிலிருந்து 2%. இரண்டு அரையாண்டிலும் 60,000 வீதம் வந்ததால் பிடித்தம் 3,000ம் 1,200ம். கைக்கு வந்தது 1,15,800.

நாலாவதுதான் ஸ்டேட்மெண்டை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காதது.

வீட்டுக்கு வந்த ஃபிரிட்ஜ்

26ஏஎஸ்ஸை இறக்கியதும் 194ஆர் என்ற பிரிவில் 70,000 ரூபாய்க்கு ஒரு பதிவு இருந்தது. அக்காவுக்கு ஞாபகமே வரவில்லை. மகன்தான் சொன்னான்: "அம்மா, தீபாவளிக்கு முன்னாடி ஃபிரிட்ஜ் அனுப்பினாங்களே."

"அது அவங்க அன்பளிப்பா கொடுத்ததுப்பா."

அன்பளிப்புதான். ஆனால் அந்த ஃபிரிட்ஜைக் காட்டி ஒரு வீடியோ போட்டிருந்தார். தொழில் செய்வதால் கிடைக்கும் பொருளும் சலுகையும் பணமாக வராவிட்டாலும் வருமானம்தான். இது 2022இல் முளைத்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். வருமானம் என்ற விதி சட்டத்தில் வெகுகாலமாக உண்டு. 2022 ஜூலை 1 முதல் வந்தது, கொடுப்பவர் 10% வரி பிடிக்கவேண்டும் என்பது மட்டும். ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தாகவேண்டும். ஃபிரிட்ஜில் எப்படிப் பத்து சதவீதம் பிடிப்பது? கதவைக் கழற்றி வைத்துக்கொள்ள முடியாது. அதனால் நிறுவனமே தன் கையிலிருந்து வரியைக் கட்டியிருந்தது. பொருளின் மதிப்பு 63,000. அதோடு அவர்கள் கட்டிய 7,000 வரியும் அக்காவுக்குக் கிடைத்த சலுகையாகவே சேரும். ஆக 70,000 வருமானம், 7,000 டிடிஎஸ்.

அதே ஆண்டில் இன்னொரு நிறுவனம் ஒரு பெரிய ஓவன் அனுப்பி, படப்பிடிப்பு முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டது. அது கணக்கில் வராது. 2022 ஜூனில் வரித்துறை வெளியிட்ட 12ஆம் எண் சுற்றறிக்கையில் இது தெளிவாகவே இருக்கிறது: பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் சலுகை இல்லை, வைத்துக்கொண்டால் சலுகை. கூரியர் ரசீதைப் பத்திரமாக எடுத்து வைத்தோம்.

ஃபிரிட்ஜை வருமானமாகக் காட்டிவிட்டால் அதன் மேல் தேய்மானம் கேட்கலாமே என்றான் மகன். கெட்டிக்காரன். தொழிலுக்குப் பயன்பட்டால் கேட்கலாம். ஆனால் அது வீட்டு அடுக்களையில் தோசை மாவோடு நிற்கிற ஃபிரிட்ஜ். கேட்கவில்லை.

நாலையும் கூட்டினால்: 9,80,000, 8,50,000, 1,20,000, 70,000. மொத்தம் 20,20,000.

கோழியும் சேலையும்

அந்தத் தேடலுக்கு அடுத்தபடியாக அதிக நேரம் எடுத்தது செலவுப் பக்கம். அக்காவின் நோட்டில் மளிகை, காய்கறி, கறி எல்லாம் சேர்த்து மாதம் 22,000, ஆண்டுக்கு 2,64,000 என்று இருந்தது. சமையல் சேனல்தானே, சமைக்கிற சாமான் எல்லாம் செலவுதானே என்பது அவர் வாதம். அதே வீட்டில் நாலு பேர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள் என்பது எங்கள் சிக்கல். தொழிலுக்கென்றே முழுமையாகச் செய்த செலவைத்தான் கழிக்க முடியும்.

மாதச் செலவில் பாதியை வெட்டி ஒரு எண்ணைப் போட்டுவிடுவது சுலபம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. நாளைக்கு அதிகாரி "ஏன் பாதி?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் அந்த ஆண்டு வெளியான 104 வீடியோக்களின் பட்டியலை எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன சமையல், என்ன அளவு, எத்தனை முறை எடுத்தது. அக்காவின் நினைவு அசாத்தியம். "நாட்டுக்கோழி ரசம், ஒண்ணே கால் கிலோ கோழி. முதல் தடவை மைக் ஆன் பண்ணலை, அதனால இன்னொரு கோழி." பில் இல்லாத கறிக்கடைச் செலவுக்கு யூபிஐ பதிவைத் தேடினோம். அதுவும் இல்லாத இடத்தில் தேதி, அளவு, விலை போட்டு வவுச்சர் எழுதினோம். வீடியோவிலேயே பொருள் தெரிகிறது என்பது இந்தத் தொழிலுக்கே உள்ள ஒரு வசதி. வேறு எந்தத் தொழிலில் செலவின் சாட்சி இணையத்தில் பொதுவில் கிடக்கும்?

கேள்வி ஒன்று பாக்கி. படம் எடுத்த கோழியைக் குடும்பமே சாப்பிட்டதே? "சமைச்சதைக் கீழ கொட்டவா முடியும்?" என்றார் அக்கா, நியாயமாக. வாங்கியது படப்பிடிப்புக்கு, சாப்பிட்டது அதன் பின்விளைவு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்றாடச் சாம்பாரையும் பொரியலையும் அப்படியே படம் பிடித்த வீடியோக்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. கேமரா இல்லாவிட்டாலும் அன்று அந்தச் சாம்பார் கொதித்திருக்கும். அவற்றில் எதையும் எடுக்கவில்லை. கடைசியில் நின்ற தொகை 1,60,000.

அதற்குள் வராமல் வெளியே விழுந்த ஒன்று, ஊர்த் திருவிழாவுக்கு 60 பேருக்குப் போட்ட பிரியாணி. நல்ல வீடியோ, நிறையப் பேர் பார்த்தது. ஒரே கறிக்கடையில் ஒரே நாளில் 11,900 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு செல்லாது. மேலே போன 1,900 மட்டும் இல்லை, 11,900ம் போச்சு. ஜிபேயில் அனுப்பியிருந்தால் ஒரு கேள்வியும் இல்லை.

சேலை விஷயத்தில் அக்காவுக்கு என்மேல் கோபம். எல்லா வீடியோவிலும் சின்னாளப்பட்டி சுங்குடிதான் கட்டுவார். அதைப் பார்த்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பவர்கள் ஏராளம். ஆண்டுக்கு 45,000 சேலைச் செலவு. சேலை கேமராவுக்கு வெளியேயும் கட்டலாம், கல்யாணத்துக்கும் கட்டிப் போகலாம். நாடகக்காரரின் அரிதாரம் மாதிரி அந்த வேலைக்கு மட்டுமே ஆகிற உடை இல்லை. வாதாடிப் பார்க்கலாம் என்று சொல்லும் ஆடிட்டர்களும் இருப்பார்கள். நான் சேர்க்கவில்லை.

கேமராவில் வேறு மாதிரிக் குழப்பம். 2024 நவம்பரில் 1,50,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கியது. நோட்டில் மாதாமாதம் இஎம்ஐ செலவாக எழுதியிருந்தார்கள். இஎம்ஐயில் வட்டி மட்டும்தான் செலவு. கேமராவுக்குத் தேய்மானம் 15%, 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியதால் அதிலும் பாதி. 11,250 ரூபாய். ஜூனில் வாங்கிய 90,000 ரூபாய் லேப்டாப்புக்குக் கணினி என்பதால் 40%, 36,000. விலை அதிகமான பொருளுக்குக் குறைவாகவும் குறைவான பொருளுக்கு அதிகமாகவும் கிடைத்தது அவர்களுக்கு விசித்திரமாக இருந்தது. கேமராவை ஒன்றரை மாதம் முன்னால், செப்டம்பரில் வாங்கியிருந்தால் இரட்டிப்பாகக் கிடைத்திருக்கும்.

எடிட்டர் தம்பிக்கு மாதம் 15,000, பாத்திரம் துலக்கி உதவும் அம்மாவுக்கு 8,000, நெட், கரண்டில் ஒரு பங்கு, பயணம், சாஃப்ட்வேர் சந்தா. இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து செலவு 6,20,000. லாபம் 14,00,000.

குறுக்குவழி

இங்கே ஒரு சபலம் இருக்கிறது. 44ஏடிஏ பிரிவில் போனால் வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்றும் வைக்காமல் போகலாம். லாபம் 10,10,000, வரி 53,560. புத்தகப்படி 14 லட்சத்துக்கு 1,24,800. வித்தியாசம் 71,240 ரூபாய். கோழி எண்ணவேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பிரிவு எல்லாருக்கும் திறந்ததில்லை. வக்கீல், டாக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர், சினிமாக் கலைஞர் என்று ஒரு பட்டியல் உண்டு. யூட்யூபர் அந்தப் பட்டியலில் இல்லை. 2025-26 மதிப்பீட்டு ஆண்டின், அதாவது 2024-25 நிதியாண்டுக்கான படிவங்களில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்று 16021 என்ற குறியீடு புதிதாக வந்தது, இப்படி உத்தேச லாபம் காட்டுபவர்கள் போடும் ஐடிஆர்-4லும் வந்தது. உடனே "இனி நமக்கும் பாதி லாபம்தான்" என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. என் அபிப்பிராயம்: படிவத்தில் ஒரு குறியீடு சேர்ந்ததால் சட்டத்தின் பட்டியல் நீளாது. தவிர, உண்மையான லாபம் எவ்வளவு என்று எண்ணி முடித்த பிறகு அதைவிட நாலு லட்சம் குறைத்துக் காட்ட எனக்குக் கை வரவில்லை. ஐடிஆர்-3, குறியீடு 16021, முழுக் கணக்கு. வேறு ஆடிட்டர் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம்.

பழைய வரிமுறையையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். எல்ஐசி, மருத்துவக் காப்பீடு எல்லாம் கழித்தாலும் 1,87,200 வந்தது. அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

அமெரிக்கா எடுத்ததில் எவ்வளவு திரும்பும்

வரி 1,24,800. டிடிஎஸ் 82,700. அமெரிக்காவில் போன 36,000ஐயும் கழித்தால் பாக்கி ஆறாயிரம்தான் என்று மகன் கணக்குப் போட்டுவிட்டான். அங்கே ஒரு கட்டை இருக்கிறது. வெளிநாட்டில் கட்டியது, அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி, இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மொத்த வரவில் அமெரிக்கப் பங்கு 11.88%. செலவையும் அதே விகிதத்தில் பிரித்தால் 1,24,800இல் அந்தப் பங்கு 14,828. அவ்வளவுதான் கழிக்கலாம். மிச்சம் 21,172 அங்கேயே நின்றுவிடும், இந்த ஆண்டும் கிடைக்காது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது.

காரணம் எளிமையானது. அமெரிக்கா வரவின் மேல் 15% எடுக்கிறது. இங்கே செலவு போக லாபத்தின் மேல்தான் வரி, அதுவும் படிப்படியாக ஏறுவது, சராசரி 9%க்குக் கீழே. இதற்காக 67ஆம் எண் படிவத்தைத் தனியாகப் போடவேண்டியிருந்தது, அதை மறந்திருந்தால் அந்த 14,828ம் சிக்கலில் மாட்டியிருக்கும். டாலரை ரூபாயாக்க, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் பேங்க் வாங்கும் விலை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு விலை.

பாக்கி 27,272. ஆண்டு முடிவதற்குள்ளேயே தவணையாகக் கட்டவேண்டிய அட்வான்ஸ் டாக்ஸ் ஒரு தவணைகூடக் கட்டாததால் வட்டி 3,002. செப்டம்பரில் கட்டியது மொத்தம் 30,270.

அக்கா நம்பவில்லை. இரண்டு மாதம் இவ்வளவு அலைந்தது முப்பதாயிரத்துக்கா என்று கேட்டார். ஆனால் வருமான வரி அந்தக் கதையில் சின்ன வில்லன்தான்.

வரம்பைத் தாண்டிய மார்ச்

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஸ்டேட்மெண்ட் சொன்ன 18.38 லட்சத்தைப் பார்த்து, தாண்டவில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். பிடித்ததையும் பொருளாக வந்ததையும் சேர்த்தால் 20.20. ஃபிரிட்ஜுக்கு 63,000 என்று வைத்தாலும் 20.13. எப்படிப் பார்த்தாலும் தாண்டிவிட்டது. தாண்ட வைத்தது மார்ச் கடைசி வாரம் வந்த ஆட்சென்ஸ் தொகை. வெளிநாட்டிலிருந்து வரும் அந்தப் பணம் சேவை ஏற்றுமதி, எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் அதற்கு ஒரு பைசா ஜிஎஸ்டி இல்லை. ஆனால் வரம்பை அளக்கும்போது அதுவும் தராசில் ஏறும்.

"ஏப்ரல்ல புது வருஷம்தானே, கணக்கு மறுபடி சைபர்லருந்து ஆரம்பிக்காதா?" என்று மகன் கேட்டான். இல்லை. ஒரு முறை தாண்டினால் 30 நாளுக்குள் பதியவேண்டும், அன்றிலிருந்தே பொறுப்பு தொடங்கிவிடும். இவர்கள் வந்ததோ ஜூலையில். இடையில் உள்ளூர் பிராண்டுகளிடமிருந்தும் கமிஷனாகவும் வந்தது 2,36,000. யாரிடமும் ஜிஎஸ்டி கேட்கவில்லை, பில்லிலும் போடவில்லை. வாங்கிய தொகைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாக எடுத்துக்கொண்டால் 118இல் 18 பங்கு. 36,000 ரூபாய், சொந்தக் கையிலிருந்து. மேலே வட்டி ஆயிரத்துச் சொச்சம். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் கட்டிவிட்டோம். கேமரா வாங்கும்போது கொடுத்த 22,000 சொச்சம் ஜிஎஸ்டியையாவது எடுக்கலாமா என்றால், பதிவுக்கு முன் வாங்கிய கருவிக்கு அந்த வழியும் இல்லை.

புதிய ஒப்பந்தங்களில் "ஜிஎஸ்டி தனி" என்று எழுதவைத்தோம். பெரிய நிறுவனங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, கொடுத்த ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்து அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஊரில் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் ஒரு சின்ன மசாலாக்காரருக்கு அந்த வசதி இல்லை. 18% கூடுதலாகக் கொடுக்க முடியாது என்றுவிட்டார். பேசிப் பேசி, அக்கா தன் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டார்.

பழைய ரிட்டர்ன்

முந்தைய ஆண்டின் ரிட்டர்னைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும்தான் உண்மையான வலி. யாரோ ஒருவர் அதை வணிகம் என்று, சிறு வணிகர்கள் உத்தேச லாபம் காட்டும் 44ஏடி பிரிவில் போட்டு, வங்கியில் வந்ததில் 6% லாபம் காட்டி, பிடித்த டிடிஎஸ் 31,000 முழுவதையும் ரீஃபண்டாக வாங்கிக் கொடுத்திருந்தார். அதற்குக் கமிஷனும் வாங்கியிருக்கிறார். அக்காவுக்கு அப்போது அவர் தெய்வம். லிங்க் வழியாக அக்காவுக்கு வருவது போன்ற கமிஷன் வருமானத்துக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. நாங்கள் போட்டுப் பார்த்ததில் லாபம் 8,20,000, வரி 38,480.

அதை அப்படியே விட்டுவிட்டு இந்த ஆண்டு மட்டும் 14 லட்சம் காட்டினால், ஒரே வருடத்தில் லாபம் எப்படி இப்படிக் குதித்தது என்ற கேள்வி தானாக எழும். மேலும் 44ஏடியில் ஒரு முறை நுழைந்து ஐந்து ஆண்டுக்குள் வெளியேறினால் தணிக்கைச் சங்கடம் வேறு உண்டு. பழைய ரிட்டர்னைத் திருத்திப் போடும் ஐடிஆர்-யூ படிவம் போட்டோம். வாங்கிய ரீஃபண்டைத் திருப்பி, பாக்கி வரியையும் வட்டியையும் கட்டி, அதன் மேல் 25% கூடுதல். கிட்டத்தட்ட 50,000. இந்த ஆண்டு கட்டியதைவிட அதிகம். இன்னும் ஓராண்டு தள்ளியிருந்தால் கூடுதல் 50% ஆகியிருக்கும்.

இப்போது

நோட்டை மாற்றினோம். இடது பக்கம் பேசிய தொகை, நடுவில் பிடித்தது, வலது பக்கம் வங்கிக்கு வந்தது. பொருளாக வந்தால் வலது பக்கம் காலி. அட்வான்ஸ் டாக்ஸ் கட்டவேண்டிய ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளை அடுக்களைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்கள். புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டுக்கு வரிப் படிகள் மாறி, 12 லட்சம் வரை தள்ளுபடி வந்துவிட்டது. லாபம் அதற்குள் நின்றால் இங்கே வரி பூஜ்யம். அப்போது அமெரிக்கா பிடித்ததில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது, கழிக்க இங்கே வரியே இருக்காதே. இதை விளக்கியபோது மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நவம்பரில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அட்டைப்பெட்டியில் ஏர் ஃபிரையர். "தம்பி, 12,500 ரூவாயாம். 20,000க்குக் கீழதானே, கணக்குல வராதுல்ல?"

டிடிஎஸ்தான் வராது அக்கா, வருமானம் வரும் என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் நோட்டின் படம் வந்தது. இடது பக்கம் 12,500. நடுவிலும் வலது பக்கமும் கோடு போட்டிருந்தார். கீழே சின்ன எழுத்தில்: "திருப்பி அனுப்பலை, நல்லா இருக்கு."